பதினோராவது விதை

என் குற்றாலிங்கமே, என் தங்கமே,

நாங்கள் நலம் என்று எழுதிவிட்டு, உன் நலம் அறிய ஆவல் என்று எழுதப் போன கையை நிறுத்திக்கொண்டேன். ஐந்து வருஷமாக உனக்கு எழுதாமல் இருந்ததற்கு அந்த ஒரு வரிதான் காரணம். இன்றைக்கு அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறேன்.

முதலில் சேதி. மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, உன் மரத்தின் தலையை அறுத்துவிட்டேன். ஏணி வைத்து ஏறி, கடையிலிருந்து கொண்டுவந்த கைரம்பத்தால் நானே அறுத்தேன். நான் ஏறினபோது உன் அம்மை ஓடிவந்து ஏணிக்காலைப் பிடித்தாள். நான் விழாமல் இருக்கப் பிடித்தாளா, தள்ளிவிடப் பிடித்தாளா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

உனக்கு ஒரு மரம் இருக்கிறது என்பதே உனக்குத் தெரியாதே! அதனால் முதலிலிருந்து வருகிறேன். முதல் என்றால் அந்தச் சோற்றுத்தட்டுக்கு வரவேண்டும்.

செங்கோட்டை மரக்கடையில் நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த காலம். நான் தடியை நாடா வைத்து அளந்து நம்பர் போடுகிறவன். நீ தூக்குகிறவன். அன்றைக்கு மேலகரம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, தோள் கன்னிப்போய் உன்னால் கையைத் தட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அது வராது.

"ஏலே, வேங்கைத் தடிக்கு துப்பாக்கி பாரம் கம்மிலே. பேசாம பட்டாளத்துல சேந்துரு. சோத்தையும் அவனே போட்டுருவான், உங்க அம்மைக்கு ரெண்டு ஆழாக்கு மிச்சம்" என்றேன்.

எல்லாரும் சிரித்தோம். நீதான் ரொம்பச் சிரித்தாய். அடுத்த வாரம் திருநெல்வேலிக்குப் போனவன், பேரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றாய்.

என் பேச்சுக்கு மேலகரத்திலிருந்து செங்கோட்டை வரை சிரிக்காத ஆள் இல்லை. ஆனால் சொன்னபடி செய்த ஆளும் இல்லை. நீ ஒருத்தன்தான் செய்தாய். நிஜமாகவே நான் சொன்னதற்காகவா போனாய்? இல்லை, முன்பே மனதில் வைத்திருந்து, அப்பன் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தாயா? உன் அம்மை இன்றுவரை அந்தப் பேச்சைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என் இங்கிலீஷ் மூன்றாம் பாரத்தோடு நின்றுபோனது உனக்குத் தெரியும். தந்தி வந்த அன்று தபால்காரர் படித்துச் சொல்லட்டுமா என்று கேட்டார். "வேண்டாம் வே, நானே படிச்சுக்கிடுதேன்" என்று பெருமையாக வாங்கினேன். அந்தத் தந்தியைப் படிக்க அந்தப் படிப்பு போதுமானதாக இருந்தது.

உடம்பு இல்லை, சாம்பல் இல்லை. குற்றாலத்துக்குப் போய்க் காரியம் செய்தோம். கரைக்க என் கையில் ஒன்றும் கிடையாது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெறுங்கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டு ஏறி வந்தேன்.

அதெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து உன் கடிதம் வந்தது.

நீ போன பிறகு வந்த கடிதம். உன் கையெழுத்து. அதை வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்குள் போகாமல் தெருவையே இரண்டு சுற்று சுற்றினேன். உறைக்குள் தாளும், மெல்லிசாகச் சருகு மாதிரி பதினோரு விதைகளும் இருந்தன. தட்டையாக, ஓரமெல்லாம் பூச்சி இறகு போல. பட்டாளத்தில் கடிதத்தை வாசித்துப் பார்த்து ஊர்ப் பெயரைக் கத்தரித்து எடுத்துவிடுவார்களாம். முன்பக்கத்தில் 'இங்கே' என்று நீ எழுதின இடத்துக்கு அப்புறம் கட்டைவிரல் நீளத்துக்குத் துளை. 'ஆற்றங்கரை ரோடு பூராவும் இந்த மரம்தான் அப்பா, ஒரு மரத்து நிழலில் நாலு லாரி நிற்கும்' என்று எழுதியிருந்தாய்.

கத்தரித்த புண்ணியவான் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. பின்பக்கம் இப்படி இருந்தது: 'இதை நம் வீட்டில்', அப்புறம் துளை, அப்புறம் 'நடுங்கள். வேறு எங்கேயும் வேண்டாம்.'

எங்கே நடச் சொன்னாய் குற்றாலிங்கம்? அந்தத் துளை வழியாக எத்தனை தடவை பார்த்திருப்பேன். அடுப்பு தெரியும், வாசல் தெரியும், உன் அம்மையின் முதுகு தெரியும். நீ சொன்ன இடம் மட்டும் தெரியாது.

விதைகளை உன் அம்மை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். அவள் செய்த காரியத்தைக் கேள். அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடுவது போல, ஓட்டுச் சட்டியில் வைக்கோல் பரப்பி, ஆட்டுப்புழுக்கை தூளும் மண்ணும் இட்டு, விதையைப் புதைத்து, ஜன்னல் இல்லாத அரங்குவீட்டு உள்ளறை இருட்டில் கொண்டுபோய் வைத்தாள். சாவு விழுந்த வீட்டில் முளைப்பாரி போடலாமா என்று தெருவில் பெண்கள் வந்து நின்றார்கள்.

"இது அம்மனுக்கு இல்ல. எம் புள்ளைக்கு. போங்க அங்கிட்டு" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

முளைப்பாரி இருக்கிற அறைக்குள் ஆண்பிள்ளை போகக்கூடாது. நான் வெளியே நின்று குரல் கொடுத்தேன். "ஏட்டி சிவாமி, தட்டாம்பயறாட்டி அது? மரத்து விதைய இருட்டுல வச்சா அழுகிப் போகும்."

"நீங்க செத்த மரத்த அளக்குற ஆளு. முளைக்கிறத பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

நியாயமான கேள்வி. முப்பது வருஷம் மரத்தோடு பழகியும் உயிரோடு இருக்கிற மரம் ஒன்றைக்கூட நான் வளர்த்ததில்லை. ஆனாலும் பதினோரு விதையும் இருட்டுக்குள் போவதை என்னால் பார்க்க முடியவில்லை. முந்தியை அவிழ்த்து வைத்த நேரத்தில் ஒன்றைத் திருடியிருந்தேன். கடையில் கிடைத்த உடைந்த பானையில் ஆற்றுமணலும் மரத்தூளும் கலந்து, விதையைப் படுக்கைவாட்டில் வைத்து, மேலே நகத்தளவு மண் தூவினேன். கிணற்றடியில் துவைகல்லுக்குப் பின்னால் மறைத்து, காலையிலும் மாலையிலும் கை நனைத்துத் தெளித்தேன்.

இருபது நாள் ஆகவில்லை, முளை வந்துவிட்டது. சிவந்த குருத்து.

இனிமேல் எழுதப்போவதை அந்தப் புதன்கிழமை வரை, ஐந்து வருஷமாக, நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று மத்தியானம் உன் அம்மை கோயிலுக்குப் போயிருந்தாள். நான் அரங்குவீட்டுக்குள் போனேன். சட்டி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். பத்தும் கூழாகியிருந்தது. அவளோ தந்தி வந்த நாளிலிருந்து ஒரு வேளை கஞ்சிக்கு மேல் குடிக்காதவள். அந்தச் சட்டியை அவள் தோண்டிப் பார்க்கிற நாளை நினைத்தேன். கிணற்றடிக்குப் போய் என் முளையைத் தூரோடு பெயர்த்து எடுத்துவந்து, அவள் சட்டிக்கு நடுவே வைத்து, மண்ணை அணைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன். வேடிக்கைதான். இரண்டு நாளில் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் உள்ளே போனவள் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. சட்டியை நெஞ்சோடு அணைத்து வெளியே வந்தாள். முகத்தில் சிரிப்பு. அத்தனை நாளுக்கு அப்புறம்!

"பாத்தியளா, வந்துட்டான். இருட்டுக்குள்ளயே எவ்வளவு செழிப்பா வந்திருக்கான் பாருங்க!"

இருட்டில் முளைக்கிற எதுவும் வெளுத்துத்தான் வரும். அந்தச் செழிப்பு கிணற்றடி வெயிலில் வந்தது. அவள் அதையே அதிசயம் என்று எடுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி இரண்டு கை சோறு சாப்பிட்டாள். எனக்கு எப்படி வாய் வரும்? ஊரெல்லாம் பேசின வாய்க்கு அன்றைக்கு ஒரே ஒரு வேலை இருந்தது. அது செய்யவில்லை.

சாரல் தொடங்கினதும் கிணற்றுக்கு மேற்கே நட்டோம். ஆட்டுக்கு முள்வேலி, காற்றுக்கு ஊன்றுகம்பு, கறையானுக்கு வேப்பம்பிண்ணாக்கு. அரிசி கழுவின தண்ணீரை அவள் வேறு எதற்கும் விட்டதில்லை. முதல் வருஷம் இடுப்பளவு, மூன்றாம் வருஷம் ஓட்டுக்கூரை அளவு. என்ன மரம் என்று யாருக்கும் தெரியவில்லை. இலையைப் பார்த்து ஒருத்தர் பூவந்தி என்றார், ஒருத்தர் சந்தனவேம்பு என்றார். உன் அம்மை மட்டும் பேர் சொல்லியே கூப்பிட்டாள். "லிங்கம், வெயிலா இருக்காப்பா?" என்பாள். வெள்ளிக்கிழமை இலை போட்டுச் சோறு வைப்பாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரி காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிவந்தாள். காய்ச்சல் விட்டது. எந்தக் காய்ச்சல்தான் விடாமல் இருந்தது? ஆனாலும் கிளையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டது. மரக்கடையில் எனக்குப் புதுப் பேர்: "சாமிக்கு அப்பா வாராரு, எந்திரிங்கலே."

நானும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். ஒருநாள் பழக்கத்தில் மடியிலிருந்த நாடாவை எடுத்து அடிமரத்தைச் சுற்றிப் பிடித்துவிட்டேன். அவள் பாய்ந்து வந்து நாடாவைப் பிடுங்கினாள். "அவன அளக்காதிய" என்றாள். அளந்த தடி எல்லாம் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாதா?

சண்டை முடிந்து இந்தப் பங்குனியில் செய்யது வந்தான். கடையநல்லூர் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, உன்னோடு பாலம் கட்டுகிற பட்டாளத்தில் இருந்தவன். வாசலில் நின்றவன் நேரே கிணற்றடிக்குப் போய் இலையைத் தொட்டுப் பார்த்தான்.

"மாமா, இது மஹோகனில்லா! கார்ட்டூம்ல நைல் ஆத்தங்கரை ரோடு பூரா இதான். லிங்கம் கீழ கெடந்த காயப் பொறுக்கி உடைச்சு உடைச்சு விதை எடுப்பான். மரக்கடைக்காரன் புத்தி போவுதா பாருன்னு கேலி பண்ணுவோம்."

முப்பது வருஷம் மரம் அளந்தவன் வீட்டுக் கொல்லையில் மஹோகனி நின்று, அதற்குப் பேர் சொல்ல ஒரு நெசவுக்காரர் மகன் வர வேண்டியிருந்தது. அதையும் சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். சிரித்த சூட்டில் அவன் இன்னொன்றும் சொன்னான்.

"உங்க பேச்சத்தான் மாமா எங்ககிட்ட தினம் சொல்லுவான். 'துப்பாக்கி பாரம் கம்மின்னு எங்கப்பா அனுப்பினாரு. இங்க வந்தா துப்பாக்கியத் தோளுல போட்டுக்கிட்டு பாலத்துக்குத் தடியும் தூக்குதேன். ரெண்டும் சேந்து என்ன பாரம்னு ஊருக்குப் போயி அவரையே அளக்கச் சொல்லணும்'ம்பான். நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம்."

நானும் சிரித்தேன். பிறகு முகம் கழுவுவது போலக் கிணற்றடியில் ரொம்ப நேரம் நின்றேன். எங்கப்பா அனுப்பினாரு என்றுதான் சொன்னாயா? அதைச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது? செய்யதிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. உன் கடைசி நாளில் செய்யது காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். உன்னை எங்கே வைத்தார்கள் என்று அவனுக்கும் தெரியவில்லை. உன் அம்மை அவனிடம் ஒன்றுமே கேட்கவில்லை. "அவன் இங்கனதான இருக்கான், என்னத்தக் கேக்க?" என்று காப்பி போடப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் சொந்தக்காரர்கள் பீடம் என்ற பேச்சை எடுத்தார்கள். ஆயுசு முடியாமல் போன பிள்ளைக்குப் பீடம் கட்டிக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம்தானே. மரத்தடியில் கட்டி, ஆடியில் படையல் வைப்பது என்று முடிவானது. செங்கல் வந்து இறங்கியது. பீடம் வந்துவிட்டால் அந்த மரத்தில் யாரும் கத்தி வைக்க முடியாது.

அந்த நேரம் பார்த்து உச்சிக் குருத்து வாடியது. தண்டில் ஊசித்துளை, அதிலிருந்து பிசினோடு தூள் தூளாக வெளியே தள்ளியிருந்தது. மரத்தூள் எனக்குப் பழகின பொருள். உன் மரத்திலிருந்து உதிர்ந்ததை மட்டும் காலில் மிதிபடாமல் கையால் கூட்டி எடுத்தேன்.

குற்றாலம் தோட்டத்தில் களைவெட்டுகிற பேச்சியம்மாள் கூடையில் மங்குஸ்தான் சுமந்து நம் தெரு வழியாகத்தான் போவாள். வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏ அண்ணாச்சி, உங்க சாமிக்கு நெத்தியில புழு. எங்க தோட்டத்துச் சந்தனவேம்புக்கும் இதே சீக்குதான். புழு எறங்குன மட்டுக்கும் அறுத்து நெருப்புல போடுங்க, வெட்டுன வாயில சாணிய அப்புங்க. துளுக்குறதுல ஒண்ண மட்டும் விடுங்க. இல்லன்னா மரம் ஆகாது, புதராத்தான் நிக்கும். போகப் போக மூடோட பட்டுரும்."

"எம் புள்ள தலையில ரம்பம் வைக்கவா சொல்லுத?" என்று உன் அம்மை வீட்டுக்குள்ளிருந்து கத்தினாள். "பீடம் போடத் தாமசம் ஆனதுக்கு அவன் கோவிச்சுக்கிட்டு வாடுதான். படையல் வச்சா சரியாயிரும்."

"சாமி கோவம் புழுவாவா வரும்? அண்ணாச்சிக்கு செத்த மரத்துக்குத்தான் வைத்தியம் தெரியும் போல" என்று சொல்லிவிட்டுப் பேச்சி போய்விட்டாள்.

நான்கு நாள் பார்த்தேன். வாட்டம் ஒரு முழம் இறங்கிவிட்டது. புதன்கிழமை காலையில் ஏணியைச் சாத்தி ஏறினேன். உன் அம்மை ஓடிவந்து ஏணிக்காலைப் பிடித்தாள்.

"எறங்குங்க. ஒரு தடவ அவனத் தொலைச்சது போதாதா?"

ஐந்து வருஷத்தில் அவள் அந்தப் பேச்சுக்கு அவ்வளவு கிட்டே வந்தது அன்றைக்குத்தான். மேலே சாரல், கையில் ரம்பம், கீழே அவள். அங்கேயிருந்துதான் சொன்னேன்.

"சிவாமி, அது உன் சட்டியில முளைக்கலட்டி. உன் பத்தும் அழுகிப் போச்சு. ஒரு விதைய நான் திருடி, துவைகல்லுக்குப் பின்னால முளைக்கப் போட்டேன். நீ கோயிலுக்குப் போனப்போ கொண்டாந்து வச்சேன். அவன் வரல. நாந்தான் வச்சேன்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். ஏணியைத் தள்ளுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப அவன் எங்க இருக்கான்?" என்று கேட்டாள்.

எதற்கும் பதில் வைத்திருக்கிற ஆள் நான். "தெரியலட்டி" என்றேன்.

அவள் ஏணியை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அறுத்தேன். தோலுக்குள் சிவப்பு, சிவப்பாகக் கசிந்தது. மஹோகனிக்குத் தோல் அப்படித்தான் இருக்கும் என்று செய்யது சொல்லியிருந்தான். தெரிந்து என்ன செய்ய? விரல்கணு அளவு புழு ஒன்று உள்ளே சுருண்டு கிடந்தது. தலையை நெருப்பில் போட்டேன். முப்பது வருஷமாக நான் அறிந்த எந்த மரத்து வாசனையும் இல்லை அந்தப் புகையில்.

வெள்ளிக்கிழமை அவள் இலை போடவில்லை. பீடம் கட்ட வந்த ஆட்களிடம் "வேண்டாம், செங்கல்ல எடுத்துட்டுப் போங்க" என்றாள். காரணம் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. சனிக்கிழமை கை நிறையச் சாணியோடு வந்து நின்றாள்.

"ஏணிய வைங்க. வெட்டுன வாய அப்படியேவா விடுவாங்க? அவன் இல்லன்னாலும், அவன் அனுப்பினதுலா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் மரத்தோடு பேசுவதில்லை. தண்ணீர் ஊற்றுகிறாள், வந்துவிடுகிறாள். சாப்பிடுகிறாள். மத்தியானம் ஒருக்களித்துப் படுத்து அழுகிறாள். தந்தி வந்த அன்று அழவேண்டிய அழுகையை இப்போதுதான் அழுகிறாள் போல.

பேசுகிற வேலை எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கேலிதான், இல்லையா? அது உன் வரவு இல்லை என்று கையால் செய்து அறிந்தவன் நான் ஒருத்தன்தான். ஆனால் அந்தி நேரத்தில் சாரல் நின்ற பிறகு, இலையிலிருந்து துவைகல்லில் தண்ணீர் சொட்டுகிறபோது, நீ வேலை விட்டு வந்து கால் கழுவுகிற சத்தம் கேட்கிறது. ஒரு காலை ஊன்றி, மறு காலால் தேய்த்து, இரண்டு தடவை உதறுவாயே, அதே கணக்கில். "யாரு, லிங்கமாலே?" என்று கேட்டுவிடுகிறேன். கேட்ட பிறகு சத்தம் நின்றுவிடுகிறது. திருட்டுத்தனமாக உன்னை அங்கே கொண்டுவந்து வைத்தவனிடம் மட்டும்தான் நீ வருகிறாயா? இல்லை, நடச் சொன்ன இடம் இதுவல்ல என்று சொல்ல வருகிறாயா?

வெட்டின வாய்க்குக் கீழே சின்னதாக இரண்டு சிவந்த முகிழ் தெரிகிறது. ஒன்று வீட்டைப் பார்த்து, ஒன்று ரோட்டைப் பார்த்து. எதை விடுவது என்று உன் அம்மையிடம் கேட்டேன். "நாலு லாரி நிக்கணும்னு எழுதினான்லா, ரோட்டுப் பக்கத்த விடுங்க" என்றாள்.

அதைத்தான் விடப்போகிறேன். ஒவ்வொரு சாரலுக்கும் ஏணி வைத்து ஏறிக் குருத்தைப் பார்ப்பேன். புழு இருந்தால் எடுப்பேன், வேண்டாத துளிரைக் கிள்ளுவேன், ஒரே தண்டாக நிமிர்த்திக் கொண்டுபோவேன். என் கால் ஏணியில் ஏறாத நாளில் பேச்சியைக் கூப்பிட்டு, அவள் வாயையும் வாங்கிக்கொள்வேன். நீ அளக்கச் சொன்ன பாரத்தைத் தினமும் அளந்துகொண்டுதான் இருக்கிறேன், நாடா எட்டவில்லை. ஆனால் அந்த மரம் எவ்வளவு பருத்தாலும், நான் இருக்கிற மட்டும் அதன் இடுப்பில் ஒரு நாடா சுற்றாது, ஒரு நம்பர் விழாது. இது வேடிக்கைக்குச் சொன்ன பேச்சு இல்லை, லிங்கம்.

துப்பாக்கியின் பாரம் தெரியாமல் பேசின,
உன் அப்பன்.